எம்.ஜி.பி-க்குச் சக்கரம் வாங்கிய கதை: முதலில் ஹப்பைப் பாருங்கள்

ரிவர்ஸ் எடுக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் முன் கியர் போட்டுக் கிளம்பும்போது இன்னொரு ‘டக்’. அவ்வளவுதான், ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. என்னுடைய 1972 எம்.ஜி.பி ரோட்ஸ்டரில் (கூரை திறக்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இது எப்போது ஆரம்பித்தது என்று எனக்கே நினைவில்லை. பழைய கார் என்றால் ஏதாவது ஒரு மூலையில் முனகிக்கொண்டுதான் இருக்கும் என்று சில மாதம் காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டாக இருக்கும் என்று அதை மாற்றினேன், சத்தம் போகவில்லை. லீஃப் ஸ்பிரிங் புஷ் எல்லாம் மாற்றினேன், அதற்கும் போகவில்லை. இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு வார இறுதிகள் போயின.

கடைசியில் கண்டுபிடித்த விதம் ரொம்பச் சாதாரணமானது. பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். நான் வெளியிலிருந்து சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் சுற்றப் பார்த்தேன். பிரேக் டிரம் அசையவில்லை. சக்கரம் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆடியது, அதே ‘டக்’ சத்தத்தோடு. வயர் வீல் கார் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை இன்றைக்கே ஒரு முறை செய்து பார்த்துவிடுவது நல்லது, ஐந்து நிமிட வேலை.

வயர் வீலைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நடுவிலிருந்து ரிம் வரை கம்பி ஸ்போக்குகள் கோத்த சக்கரம் இது, இதில் நான்கு நட் கிடையாது. சக்கரம் மாட்டுகிற ஆக்சில் முனைப் பாகமான ஹப்பின் வெளிப்புறத்தில் சுற்றிலும் நீளவாக்கில் பற்கள் இருக்கும், ஸ்ப்லைன் என்பார்கள். சக்கரத்தின் நடுத் துளைக்குள்ளும் அதே மாதிரிப் பற்கள். இரண்டையும் கோத்து, வெளியிலிருந்து ஒரே ஒரு பெரிய நட்டை, அதாவது ஸ்பின்னரை, இறுக்கிவிட்டால் முடிந்தது. என்ஜினிலிருந்து வரும் விசை, பிரேக் போடும்போது வரும் விசை, எல்லாமே அந்தப் பற்கள் வழியாகத்தான் போகிறது. ஸ்பின்னர் லேசாகத் தளர்ந்திருந்தாலோ, கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்தாலோ பற்கள் ஒன்றை ஒன்று தின்ன ஆரம்பிக்கும். நல்ல பல் மேலே தட்டையாக இருக்கும், தேய்ந்த பல் ரம்பம் மாதிரி கூராக இருக்கும். என்னுடையதில் விரலை வைத்தால் கீறியது. முழுக்கத் தேய்ந்துபோனால் ஹப் மட்டும் சுற்றும், சக்கரம் நிற்கும். அதே கதை பிரேக்குக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள், அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கே இருக்காது.

சரி, புதுச் சக்கரம் வாங்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். இங்கேதான் என் முதல் தப்பு, பெரிய தப்பும் அதுதான். எனக்கு ரொம்ப நாளாகவே குரோம் வயர் வீல் மேல் ஒரு கண். பழைய சக்கரங்கள் 60 ஸ்போக், சில்வர் பெயின்ட் அடித்தவை. பளபளவென்று 72 ஸ்போக் குரோம் செட் ஒன்று கண்ணில் பட்டதும் கையிலிருந்த காசு முழுவதும் அதற்கே போய்விட்டது. ஹப்பை? அது ஏதோ பரவாயில்லாமல் இருக்கிற மாதிரித் தெரிந்தது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஒரு முறை மாட்டிப் பார்த்தேன், ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது, அதிலேயே திருப்தி வந்துவிட்டது.

எட்டே மாதம். திரும்பவும் ‘டக்’. கழற்றிப் பார்த்தால் பின்பக்க இரண்டு புதுச் சக்கரங்களின் பற்களும் சரிந்து நின்றன. தேய்ந்த ஹப் கூரான கத்தி மாதிரி, புதிதாக வருகிற சக்கரத்தையும் தன் வடிவத்துக்கே செதுக்கிக்கொள்கிறது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான், தேய்ந்த சக்கரத்தைப் புது ஹப்பில் மாட்டினால் ஹப் கெடும். செயினையும் ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்றுவது மாதிரி இதையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சக்கரத்தை விட்டுவிட்டு முதலில் ஹப்பை வாங்குங்கள், சக்கரம் வரும்வரை கார் நிற்கட்டும். பளபளப்பு கண்ணை மறைக்கும்போது இது தோன்றாது, எனக்குத் தோன்றவில்லை.

இந்த எரிச்சலில், வயர் வீலே வேண்டாம், நான்கு நட்டுப் போட்டு முடுக்குகிற அலாய் வீலுக்கு மாறிவிடலாம் என்று கொஞ்ச நாள் அலைந்தேன். அந்தச் சமயத்தில்தான் எம்.ஜி.பி ஜி.டி (அதே காரின் கூரை மூடிய வகை) வைத்திருக்கிற ஒரு தம்பி அலாய் வாங்கிப் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவருடைய காரில் ரோஸ்டைல் ஸ்டீல் வீல், 14 அங்குலம், 5ஜே, அதாவது ரிம்மின் அகலம் 5 அங்குலம். நான்கு நட்டுகளின் நடுப்புள்ளி வழியாகப் போகிற வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ., அதாவது நாலரை அங்குலம். நான்கு நட் சக்கரத்தில் இதை அளப்பது சுலபம், எதிரெதிர் துளைகளின் நடுவுக்கு நடு அளந்தால் போதும். இதே 4×114.3 எத்தனையோ ஜப்பான் கார்களிலும் உண்டு. அதனால் யாரோ கழற்றி வைத்த 15 அங்குல 6.5ஜே செட் ஒன்று சல்லிசாகக் கிடைத்ததும் தம்பி அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

“அண்ணே, நாலு துளையும் அழகா உட்காருது, அப்புறம் என்ன?” என்றார். அப்புறம்தான் எல்லாமே இருந்தது.

ஆஃப்செட் என்று ஒன்று இருக்கிறது. சக்கரத்தின் அகலத்துக்குச் சரிநடுவில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டுகிற முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. சக்கரத்தின் உட்புறத்தில் இ.டி. என்று போட்டு ஒரு எண் வார்த்திருப்பார்கள். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். முன்சக்கர இழுவைக் கார்களுக்குச் செய்த சக்கரங்களில் இது பொதுவாக ரொம்ப அதிகம். தம்பி வாங்கியதில் 38 என்று இருந்தது.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டால் பழகிவிடும். பழைய சக்கரம் 5ஜே, ஆஃப்செட் 20 என்று வைத்துக்கொள்வோம். 5 அங்குலம் 127 மி.மீ., பாதி 63.5. உட்பக்கம் 63.5 கூட்டல் 20, அதாவது 83.5 மி.மீ., வெளிப்பக்கம் 63.5 கழித்தல் 20, அதாவது 43.5. புதுசு 6.5ஜே, 165 மி.மீ., பாதி 82.5. ஆஃப்செட் 38 என்றால் உட்பக்கம் 120.5, வெளிப்பக்கம் 44.5. ஆக வெளியே ஒரு மில்லிமீட்டர்தான் கூடுகிறது, உள்ளே 37 மி.மீ. போய் இடிக்கிறது! எம்.ஜி.பி-யின் மட்கார்டுக்குள் 37 மி.மீ. சும்மா கிடக்கிற இடம் இல்லை. முன்னால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும் முன்பே டயர் உரசியது, பின்னால் லீஃப் ஸ்பிரிங்கோடு ஒட்டி உறவாடியது.

உடனே ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கிற தடித்த தகடு. 20 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஆஃப்செட் 18 ஆகிவிடும் இல்லையா, சரியாகிவிடும் என்றார். உள்ளே 20 மி.மீ. குறையும், அது உண்மைதான், அப்போதும் பழையதைவிட 17 மி.மீ. உள்ளேதான் இருக்கும். ஆனால் வெளியே 64.5 ஆகிவிடும், பழைய சக்கரத்தைவிட 21 மி.மீ. வெளியே. தனியாக ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் இறங்கினால் இடது பின்பக்கம் ‘சர்ர்ர்’ என்று மட்கார்டின் உள்விளிம்பு டயரைச் சீவியது. ஏன் இடது மட்டும் என்று கேட்டால், எம்.ஜி.பி-யில் பின் ஆக்சில் உடலுக்குச் சரிநடுவில் உட்கார்ந்திருப்பது அபூர்வம், இடது பக்கம் இடம் குறைவாக இருப்பது அந்தக் காரின் பழைய வியாதி. எனவே வலது பக்கத்தில் மட்டும் அளந்துவிட்டு டயர் வாங்காதீர்கள். நான்கு மூலையும் அளக்க வேண்டும், காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கும்போது ஒரு அளவு, ஆளை ஏற்றி ஒரு அளவு. அந்த அகலம் அந்த மட்கார்டுக்குள் எந்த ஆஃப்செட்டிலும் நிம்மதியாக உட்காராது என்பதுதான் விஷயம், ஸ்பேசர் பிரச்சினையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிவிடும், அவ்வளவே. இந்தக் காருக்கு 14 அங்குலம், 5 அல்லது 5.5ஜே போதும் என்பது என் கட்சி.

ஸ்பேசர் போட்டதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. நட் ஏறுகிற போல்ட்டான ஸ்டட்டின் நீளம் அதே, நடுவில் 20 மி.மீ. தடுப்பு. நட் மூன்று நான்கு சுற்றுதான் ஏறியது. எம்.ஜி.பி-யின் ஸ்டட் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது நட் பிடிக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் சொல்கிற கணக்கு, அப்படியானால் பத்துச் சுற்று. நட்டின் அடிப்பாகமும் சக்கரத்துக்குப் பொருந்த வேண்டும். ஸ்டீல் வீலின் நட்டை எடுத்து அலாயில் முடுக்கினால் சில சக்கரங்களில் அது விளிம்பில் மட்டும்தான் தொடும், கொஞ்ச தூரம் ஓடியதும் தானாகத் தளரும். சக்கரம் விற்பவரிடம் அதற்கான நட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஒரு வழியாகத் தம்பி அந்த செட்டை விற்றுவிட்டு, இந்தக் காருக்கென்றே வார்த்த 5.5ஜே அலாய் வாங்கினார், மினிலைட் சாயலில் எட்டுக் கை வைத்தது. ஜம்மென்று இருக்கிறது.

மினிலைட் என்றதும் ஒன்று. 1960-களில் பந்தயக் கார்களுக்காக வந்த அசல் மினிலைட் மக்னீசியத்தில் வார்த்தது. அப்படி ஒரு அசல் பழைய செட் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மனசு தடுமாறும், எனக்கும் தடுமாறியது. மக்னீசியம் அரிப்புக்கு ரொம்ப இளைத்தது, பெயின்டுக்கு அடியில் அது பொடியாகிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. சுவரில் மாட்ட வாங்கலாம். சாலையில் ஓட்டுவதற்கு இப்போது அலுமினியத்தில் வருவதே மேல். எந்தப் பழைய அலாயாக இருந்தாலும் பெயின்டைச் சுரண்டிவிட்டு, நட் துளைகளைச் சுற்றியும் கைகளின் அடியிலும் விரிசல் தெரியும் சாய மருந்து அடித்துப் பார்க்காமல் மாட்டக் கூடாது. வெல்டிங் வைத்த தடம் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். அலாய்க்கு நான் ஏன் மாறவில்லை என்றால், என் காரில் பின் ஆக்சிலே வேறு. எம்.ஜி.பி-யில் குழாய் மாதிரி ஆக்சில் வந்த பிறகு, வயர் வீல் கார்களுக்கு அது கொஞ்சம் நீளம் குறைவு, ஸ்ப்லைன் ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அப்படி வைத்தார்கள். ஹப்பை மட்டும் மாற்றி அலாய் போட்டால் பின்சக்கரங்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கிப்போய்க் கார் இடுப்பொடிந்த மாதிரி நிற்கும். ஆக்சிலோடு மாற்றினால்தான் அழகு. தலைகீழாகவும் இதே சிக்கல்தான்: ரோஸ்டைல் காரில் அடாப்டர் வைத்து வயர் வீல் மாட்டுகிறவர்களுக்குப் பின்பக்கம் வெளியே துருத்திக்கொண்டு உரசும். உங்கள் கார் எந்த மாதிரிச் சக்கரத்தோடு தொழிற்சாலையை விட்டு வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் கைமாறி யாராவது ஆக்சிலை மாற்றியும் இருக்கலாம்.

ஆக, வயர் வீலிலேயே இருந்துவிட்டேன். நான்கு ஹப், நான்கு புதுச் சக்கரம், இந்த முறை பெயின்ட் அடித்த 72 ஸ்போக். குரோமைத் துடைத்துத் துடைத்துக் கை வலித்துவிட்டது என்பது ஒரு காரணம். ஸ்போக்கின் முனையிலிருக்கும் குட்டி நட்டான நிப்பிளுக்குள் குரோம் இறுகிக்கொண்டால் பிறகு சக்கரத்தை நேராக்குவது கஷ்டம் என்பது இன்னொன்று. குரோம் செட்டில் பற்கள் தப்பித்த முன்சக்கரம் ஒன்று இப்போது டிக்கியில் ஸ்டெப்னி.

முன் ஹப் மாற்றுகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர், அதோடு காகிதம் மாதிரி மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹப்பின் ஆட்டம் 0.05 முதல் 0.1 மி.மீ.க்குள் வரும்வரை ஷிம்மைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு பக்கத்துக்கே ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. பின் ஹப்பைக் கழற்றும்போதே எண்ணெய் சீலையும் மாற்றிவிடுங்கள், பிறகு அதற்காகத் தனியாகக் கழற்றுவது கொடுமை.

ஹப்பையும் ஸ்பின்னரையும் தனித்தனி இடத்தில் வாங்கினால் மரையை எண்ணிப் பாருங்கள். அங்குலத்துக்கு 8 மரை வைத்ததும் உண்டு, 12 வைத்ததும் உண்டு, இரண்டும் ஒன்றோடொன்று சேராது. இடது வலது மாறினால் அதைவிட ஆபத்து. இடது பக்க ஹப்பில் சாதாரண மரை, வலது பக்கத்தில் எதிர் மரை. கார் முன்னே போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் திருப்பினால் ஸ்பின்னர் கழலும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும். ஓட்டத்திலேயே தானாக இறுகிக்கொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு. ஆக்சிலை இறக்கி ஏற்றும்போது இடது வலது மாறிப்போனால் அதே ஏற்பாடு ஓட ஓடக் கழற்றிவிடும். சுத்தியலால் அடிக்க வெளியே நீட்டிய காது வைத்த ஸ்பின்னரில் கழற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும். எண்கோண நட் என்றால், 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் காதுகளுக்குத் தடை வந்ததால் வந்த வகை, அதற்குத் தனி ஸ்பேனர் வேண்டும்.

மாட்டுவதற்கு முன் பற்களிலும் மரையிலும் கிரீஸ் தடவி, சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்த நிலையிலேயே செப்பு அல்லது ஈயச் சுத்தியலால் அடித்து இறுக்கினேன். தரையில் இறக்கியபின் அடித்தால் காரின் எடையில் சக்கரம் ஒருக்களித்து உட்காரும். ஐம்பது கி.மீ. ஓடியபின் மறுபடி அடித்தால் ஸ்பின்னர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, அதற்கடுத்த முறை நகரவில்லை.

டயர் விஷயத்தில் நான் வம்பு வளர்க்கவில்லை. 165 ஆர் 14 தான். 4.5ஜே ரிம்முக்கு அதுதான் அழகாக உட்காரும். 185/70 போடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, உயரம் கிட்டத்தட்ட அதே, 620-க்கு 615 மி.மீ., ஆனால் ஒல்லியான ரிம்மில் பக்கச்சுவர் தொப்பை போட்டுத் திருப்பங்களில் கார் யோசித்து யோசித்துத் திரும்புகிற மாதிரி எனக்குப் பட்டது. ஸ்போக்கின் முனைகள் ரிம்முக்குள் வருவதால் பழைய பாணி வயர் வீலுக்கு டியூப் கட்டாயம், ரிம் டேப்பும் கட்டாயம். டயரின் உட்பக்கம் ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள், அது டியூபை அரித்தே பஞ்சராக்கும்.

எல்லாம் முடிந்து கிளம்பினால் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடு. புதுச் சக்கரம் கோணலோ என்று பயந்து, ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிக் கேட்டேன், எல்லாம் ‘கிண்’ என்றே பேசின, தளர்ந்த ஸ்போக் என்றால் ‘பொத்’ என்று சொல்லும். குற்றம் பேலன்ஸ் செய்த இடத்தில். வயர் வீல் ஹப்பில் உட்காருவது இரண்டு சரிவான முகங்களில், உள்பக்கம் ஒன்று, ஸ்பின்னர் பக்கம் ஒன்று. அவர்கள் சாதாரண ஒற்றைக் கூம்பை வைத்து வெளிப்பக்கத்தை மட்டும் பிடித்துச் சுற்றியிருக்கிறார்கள், மெஷினில் நேராக ஓடிய சக்கரம் காரில் வேறு அச்சில் ஓடியது. இரண்டு பக்கமும் கூம்பு வைத்துப் பிடிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்ததும் கிடுகிடுப்பு அடங்கிவிட்டது. டயர் கடைக்குள் நுழைந்ததும் முதலில் இதைக் கேளுங்கள், ‘எங்கள் மெஷின் எல்லாச் சக்கரத்தையும் பிடிக்கும்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பது உத்தமம்.

இது நடந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. பற்களை இரண்டு முறை கழற்றிப் பார்த்தேன், மேல்முகம் தட்டையாகவே இருக்கிறது. போன வாரம் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாலிருந்து ‘டக்’ என்றது. வயிற்றைக் கலக்கிவிட்டது. இறங்கி, ஜாக்கி வைத்து, சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் டிக்கியைத் திறந்தால் ஈயச் சுத்தியல் துணி சுற்றாமல் உருண்டுகொண்டு கிடக்கிறது.